ஒரு மரம், ஒரு வருடம்: நகரத்துப் பிள்ளைகளுக்கு இயற்கையை எங்கிருந்து தொடங்குவது?

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 வந்தால் சென்னைப் பள்ளிகளிலும் அடுக்ககங்களிலும் மரக்கன்று நடுவார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு குவளை தண்ணீர் ஊற்றுவார்கள். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தரையில் கால் வைக்க முடியாது. சென்னைக்குப் பெருமழை கொண்டுவருவது அக்டோபர் பாதிக்கு மேல் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. அப்படியானால் அந்தக் கன்றுக்கு நான்கு மாதத்துக்கு மேல் யாராவது விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். பள்ளி திறந்த பரபரப்பில் அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஆகஸ்டில் அந்த இடத்தில் ஒரு காய்ந்த குச்சிதான் நிற்கிறது. அதே கன்றைச் செப்டம்பர் கடைசியில் நட்டிருந்தால் முதல் மூன்று மாதத்தை மழையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நட்டவர்களின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் கையில் இருந்த நாட்காட்டிதான் இந்த ஊருடையது அல்ல. நகரத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் சொல்லித்தருவதில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் முளைக்கிறது. பாடத்துக்குப் பஞ்சம் இல்லை. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லிவிட்டது. 2001 முதல் தேசிய பசுமைப் படை என்ற பெயரில் பல பள்ளிகளில் மன்றங்கள் இருக்கின்றன. ஓசோன் படலத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, பள்ளி வாசலில் தினமும் தனக்கு நிழல் தரும் மரம் எப்போது இலை உதிர்க்கும் என்று தெரியாது. செடிகொடிகள் கண்முன் நின்றும் கண்ணில் படாமல் போகும் இந்தப் பழக்கத்துக்கு 1999-ல் ஜேம்ஸ் வாண்டர்சி, எலிசபெத் ஷஸ்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ‘தாவரக் குருடு’ என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை வண்டி பிடித்து வேடந்தாங்கலுக்கோ வண்டலூருக்கோ போய்வருவதால் அந்தக் குருடு தீராது. போகக் கூடாது என்பதில்லை. அதைத் தொடக்கமாக வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரே இடத்தைப் பிடித்து, வாரம் தவறாமல், ஒரு வருடம் பார்ப்பதுதான் தொடக்கம். மாற்றத்தைக் கண்டவருக்குத்தான் சூழலியல் புரியும். ஒருமுறை மட்டும் பார்ப்பவரின் கண்ணில் மாற்றம் படவே படாது.

புங்கமரத்தடியில்

எந்த மரமும் ஆகும். வேம்பு, பூவரசு, தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, நாட்டு வாதுமை, தெருவில் எது நிற்கிறதோ அது. புங்கத்தைச் சிபாரிசு செய்யக் காரணம் உண்டு. சென்னைத் தெருக்களில் தாராளமாக நிற்கிறது, கைக்கெட்டும் உயரத்தில் இலை தருகிறது, வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், நுனியில் இருப்பது மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது, மேற்பரப்பு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். இவற்றை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

வேண்டியவை ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில், அளவுகோல், நூல்கண்டு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ். முதல் நாள் மரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது வளர்ந்தவரின் மார்பளவில், நூலைச் சுற்றி எடுத்து அளவுகோலில் வைத்தால் போதும். வனத்துறையினர் அளப்பதும் இந்த உயரத்தில்தான். அடிமரத்தில் அளந்தால் வேர்ப்புடைப்பு சேர்ந்துகொண்டு கணக்கு கெட்டுவிடும். மறு அளவு அடுத்த வருடம் அதே நாளில். நடுவில் அளந்து பார்த்துவிட்டு ‘வளரவே இல்லை’ என்று பிள்ளை சோர்ந்துபோக வேண்டாம்.

அதன்பிறகு வாரம் ஒரு நாள், அதே கிழமை, ஐந்தே நிமிடம். தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, பிஞ்சு, முற்றிய காய் ஆகிய ஏழுக்கும் நேராக ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று குறிக்க வேண்டும். மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் கொஞ்சம், அதைத் தாண்டினால் நிறைய. இந்த வரையறையை முதல் நாளே நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அக்காவின் ‘கொஞ்சம்’ தம்பிக்கு ‘நிறைய’ ஆகிவிடும். இந்தியா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதே முறையில் மரங்களைக் கவனிக்கும் ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டம் இருக்கிறது. விரும்பினால் உங்கள் மரத்தையும் அதில் பதியலாம்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது ‘இல்லை’ என்ற பதிவை. பூ இல்லாத வாரம் எழுத ஒன்றுமில்லை என்று நோட்டைத் திறக்க மாட்டார்கள். கடைசியில் பூ எந்த வாரம் தொடங்கியது என்று கேட்டால் பதில் இருக்காது. ‘இன்று பூ இல்லை’ என்பதும் ஒரு செய்திதான் என்று பிள்ளைக்கு உறைத்துவிட்டால், அறிவியல் மனப்பான்மையில் பெரிய படி ஒன்றைத் தாண்டியாயிற்று.

மாசி வாக்கில் மரம் இலை கொட்டும். சில நாளில் எலுமிச்சை நிறத் தளிர் பொங்கும். சித்திரை வெயிலில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, காலையில் தரையெல்லாம் பொரி சிந்தியதுபோல் கிடக்கும். அப்போது பெரிய கருவண்டுகள் ரீங்காரமிட்டு வரும். பார்ப்பவர் பயந்து விலகுவார்கள். வண்டு என்று நாம் சொன்னாலும் இவை தேனீக்களின் உறவுக்காரர்கள், மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் தச்சுத் தேனீக்கள். சீண்டினால் தவிர கொட்டாது. இரண்டடி தள்ளி நின்று, ஒரு வண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை பூவுக்குப் போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்; எண்ணத் தொடங்கிய பிள்ளையின் பயம் தானாக இறங்கும்.

இனி லென்ஸை எடுக்கலாம். புங்க இலைகளில் குட்டி விரல்கள் முளைத்ததுபோல் பச்சைக் கொப்புளங்கள் இருக்கும். ‘மரத்துக்கு அம்மை போட்டிருக்கு’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒருவகைச் சிலந்திப்பேன் இலையைச் சுரண்டும்போது, அந்த இடத்துத் திசு தாறுமாறாக வளர்ந்து அந்தப் பேனையே மூடிக்கொள்கிறது. அந்த விரல்தான் பேனுக்கு வீடும் சோறும். கட்டியது பேன் அல்ல, இலையே! ஒரு விரலைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து (இதைப் பெரியவர் செய்ய வேண்டும்) லென்ஸில் பார்த்தால் உள்ளே ஒரு குழிவும், பஞ்சு போன்ற மயிர்களும் தெரியும். பச்சையாக இருப்பவை புதியவை, பழுப்பானவை பழையவை. பத்து இலை பொறுக்கி, எத்தனை இலையில் விரல் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை எண்ணினால் தளிர்ப் பருவத்துக்கும் பேனுக்கும் உள்ள உறவு வெளியே வரும். மருந்தடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். தேவையில்லை, மரம் இதைத் தாங்கிக்கொள்ளும். இளந்தளிரைப் பட்டுநூலால் சுருட்டி உள்ளே உட்கார்ந்து தின்னும் புழுக்களும் இருக்கும். அவை ஹசோரா என்ற பழுப்புப் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். புங்க விதையை மட்டும் வாயில் வைக்கக் கூடாது. விளக்குக்கு எண்ணெய் தரும், உண்பதற்கு ஆகாது.

அடிமரத்தையும் பார்க்க வேண்டும். சிமெண்டை வேர்வரை பூசியிருக்கிறார்களா? விளம்பரத் தகட்டுக்கு ஆணி அடித்திருக்கிறார்களா? வேரைச் சுற்றி ஒரு மீட்டராவது வெறும் மண் இருந்தால்தான் மழைநீரும் காற்றும் உள்ளே போகும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர் வெட்டப்பட்ட மரம் காற்றுக்கு எப்படித் தாங்கும்? பிள்ளைகளே அளந்து எழுதி, தெருவிலுள்ள மரங்களின் பட்டியலோடு வார்டு அலுவலகத்துக்கு மனுவாகக் கொடுக்கலாம். அளவுகளோடு வரும் மனுவை ஒதுக்கிவைப்பது கடினம்.

கறிவேப்பிலைத் தொட்டி

மரம் பொறுமை கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குள் முடியும் கதை ஒன்று வேண்டும். அது பல வீட்டுப் பால்கனிகளில் ஏற்கெனவே இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் ஒட்டியதுபோல் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எலுமிச்சைச் செடியில் அதன் சொந்தக்காரி எலுமிச்சை அழகி. எச்சம்போல் வேடமிட்டால் பறவை கொத்தாது என்பதுதான் சூட்சுமம். நான்கு முறை தோலுரித்தபின் வேடத்தைக் களைந்து இலைப்பச்சைக்கு மாறிவிடும். எச்சம் அவ்வளவு பெரிதாக இருக்காதே!

வளர்த்துப் பார்க்க இரண்டு லிட்டர் கொள்ளும் வாயகன்ற பாட்டில் ஒன்று, மேலே கட்ட வலைத்துணி, ரப்பர் பேண்டு, சாய்த்து வைக்க ஒரு குச்சி. கறிவேப்பிலைக் கொத்தைச் சின்ன மருந்துக் குப்பியில் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். குப்பியின் வாயைப் பஞ்சால் அடைப்பது முக்கியம். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து சாகும். புழுவைக் கையால் பிடுங்க வேண்டாம். அது இருக்கும் இலையோடு நறுக்கிப் புதுக் கொத்தின்மேல் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். அடியில் காகிதம் விரித்து, தினமும் எச்சத்தை உதறி, புது இலை வைக்க வேண்டும். ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். பாட்டிலை வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு இலையில்தான். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம். காலையில் போட்டால் சாயங்காலம் புழு சுருண்டு கிடக்கும், பிள்ளை அழும். மருந்தடிக்காத வீட்டுச் செடியின் இலை மட்டும் போடுங்கள். வேப்பெண்ணெய் தெளித்த செடியும் ஆகாது. இன்னொன்று, ஆசைக்குப் பத்துப் புழு வைப்பது. புழுப்பருவத்தில் தின்னும் தீனியில் பெரும்பகுதி கடைசி ஐந்தாறு நாளில்தான் போகும். ஒரு தொட்டிச் செடிக்கு இரண்டு புழு, மிஞ்சினால் மூன்று. புழு அசையாமல் ஒரு நாள் முழுக்க இருந்தால் செத்துவிட்டதாக நினைத்துத் தட்டாதீர்கள், தோலுரிக்கத் தயாராகிறது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பு ஒன்றை நீட்டி ஒரு நெடி விடும். கடிக்காது, கொட்டாது.

முட்டையில் மூன்று நான்கு நாள், புழுவாக இரண்டு வாரத்தை ஒட்டி, கூட்டுப்புழுவாகப் பத்து நாள் சுற்றி. இடுப்பில் ஒரு பட்டுநூலைக் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து தொங்கும். கூடு கண்ணாடிபோல் ஆகி உள்ளே சிறகின் நிறம் தெரிந்தால் ஒரு நாளுக்குள் வெளிவரும், பெரும்பாலும் காலையில். வந்தவுடன் சிறகு ஈரத்துணிபோல் சுருங்கியிருக்கும். தொங்குவதற்குக் குச்சியோ வலையோ இல்லாவிட்டால் சிறகு கோணலாகவே காய்ந்து, அந்தப் பூச்சி பறக்கவே முடியாது. சிவப்பு கலந்த நீர் சொட்டும், இரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இரண்டு மணி நேரம் கழித்து வலையைத் திறந்துவிடுங்கள்.

சிலசமயம் பட்டாம்பூச்சி வராது. கூட்டில் குண்டூசித் துளைகள் விழுந்து மிகச் சின்னக் குளவிகள் கூட்டமாக வெளிவரும். பெற்றோர் இதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். புழு எல்லாம் பட்டாம்பூச்சி ஆகிவிட்டால் ஊரில் கறிவேப்பிலையே மிஞ்சாது. அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது இந்தக் குளவிதான். சோகத்துக்கும் சேர்த்து இடம் கொடுத்தால்தான் இயற்கைப் பாடம் உண்மையாக இருக்கும்.

கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வேடிக்கை. சில பெண்கள் ஆணைப்போலவே இருக்கும். சில பெண்கள், நஞ்சுள்ள ஆடுதின்னாப்பாளைக் கொடியைத் தின்று வளர்ந்த வேறொரு பட்டாம்பூச்சி இனத்தைப்போல் சிவப்புத் திட்டுகளோடு வரும். ஒருமுறை அந்த நஞ்சைத் தின்று துப்பிய பறவை இவற்றையும் விட்டுவிடும். உண்மையான நச்சுக்காரியின் உடல் சிவப்பு. வேடக்காரியின் உடல் கறுப்பு. இதை ஒரு தரம் காட்டிவிட்டால் போதும், பூங்காவில் ஒவ்வொரு பூச்சியின் உடலையும் பிள்ளை உற்றுப் பார்க்கும். தமிழ்நாடு அரசு 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன்; சென்னையில் தேடி ஏமாற வேண்டாம்.

பழமொழியைச் சோதித்தல்

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதல் சவால் வேண்டும். நம் ஊரில் அது ஏற்கெனவே வாய்மொழியாகக் கிடைக்கிறது. ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்.’ உண்மையா? தாத்தா பாட்டியிடம் கேட்டால் சத்தியம் செய்வார்கள். நாமே பார்த்துவிடலாம்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, தினமும் மாலை ஐந்தரை மணிக்குப் பத்து நிமிடம் மொட்டைமாடியிலோ மைதானத்திலோ நிற்க வேண்டும். ‘தாழ’ என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் தலைக்குக் கீழே பறப்பதைத் தாழ என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு மேல் தாழப் பறந்தால் ‘ஆம்’. அடுத்த 24 மணி நேரத்தில் மழை பெய்ததா என்பது மறு கேள்வி. பெய்ததை ‘லேசா தூறுச்சே’ என்று மனம்போல எழுதக் கூடாது, அதற்கு ஒரு மழைமானி வேண்டும்.

பக்கங்கள் நேராக இருக்கும் ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் தோளை வெட்டி, அந்த மேல்பாகத்தைத் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடிக்குழிகளை மறைக்கக் கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்து, மேலே மில்லிமீட்டர் அளவுகோல் ஒட்டினால் மானி தயார். வளைவு நெளிவான குளிர்பான பாட்டில் பொய் சொல்லும். சுவருக்கும் மரத்துக்கும் அருகில் வைத்தால் மழை மறைந்துபோகும். காற்றில் சாயாமல் செங்கல் முட்டுக் கொடுங்கள். கொசு வராமல் தினமும் கொட்டி, பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும்.

இந்த மானியே இன்னொரு பாடத்தைத் தரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்த மாடியில் மட்டும் சுமார் 2,800 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 185 குடத்துக்கு மேல். குழாயைப் பின்தொடர்ந்து கீழே இறங்கி, அந்தத் தண்ணீர் கிணற்றுக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். 2015 வெள்ளத்தையும் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தையும் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்ட ஊர் இது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்தக் குழாய்தான்.

தட்டானுக்கு வருவோம். நான்கு கட்டம் போடுங்கள். தாழப் பறந்தது, மழை வந்தது. தாழப் பறந்தது, மழை வரவில்லை. பறக்கவில்லை, மழை வந்தது. பறக்கவில்லை, மழையும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு கோடு. நம் நினைவு முதல் கட்டத்தை மட்டுமே சேமித்துவைக்கும்; மற்ற மூன்றும் மறந்துபோகும். நவம்பரில் தட்டான் இல்லாவிட்டாலும் மழை வரும் நாட்கள் நிறைய. ஆகவே தட்டான் பறந்த நாட்களில் எத்தனையில் மழை, பறக்காத நாட்களில் எத்தனையில் மழை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பழமொழிக்கு நீதி கிடைக்கும். அறுபது நாளாவது பதியாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. முடிவு எப்படி வந்தாலும் பாட்டியிடம் பணிவாகத்தான் சொல்ல வேண்டும்!

பழமொழிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கவும் கூடும். இக்காலத்தில் கூட்டமாக வரும் மஞ்சள் பழுப்புத் தட்டான், அறிவியல் பெயர் பன்டாலா ஃபிளாவெசென்ஸ், மழையில் உண்டாகும் தற்காலிகக் குட்டைகளில் முட்டையிடுவது. மழைக்காற்றோடு நகர்வது. மாலத்தீவில் பல ஆண்டுகள் இவற்றைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியப் பக்கமிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-ல் எழுதினார். மொட்டைமாடியில் தலைக்குமேல் சுற்றுவது கடலைத் தாண்டக்கூடிய உயிர் என்று தெரியும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பறவையும் சிட்டுக்குருவி வதந்தியும்

பறவைக்கு இருப்பதிலேயே எளிய வழி, 15 நிமிடக் கணக்கெடுப்பு. பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிவிடுவதுதான் வேலை. காகம், மாடப்புறா, மைனா, செந்தார்ப் பைங்கிளி, கரும்பருந்து ஆகிய ஐந்தும் தெரிந்தால் தொடங்கலாம். ஒரே மைனா மூன்று தரம் வந்து போனால் மூன்று என்று எழுதுவது எல்லோரும் செய்யும் தவறு. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதினால் சரியாகும். தெரியாத பறவைக்குப் பெயர் ஊகிக்க வேண்டாம், ‘தெரியாதது, மைனா அளவு, வால் நீளம்’ என்று எழுதிக்கொள்ளட்டும்.

பெயர் விஷயத்தில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இது என்ன பறவைப்பா?’ என்று கேட்டதும் போனை எடுத்துத் தேடிப் பெயரைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்தது. ‘தெரியலையே கண்ணு. அலகு எப்படி இருக்கு, நேரா, வளைஞ்சா? என்ன தின்னுது பாரு’ என்று திருப்பிக் கேட்டால் பத்து நிமிடம் ஓடும். பெயர் மூன்றாவது வாரம் வந்தாலும் போதும். தெரியாது என்று அப்பா சொல்வது பிள்ளைக்குப் பெரிய விடுதலை.

சிட்டுக்குருவி பற்றித் தவறான பாடமே அதிகம் நடக்கிறது. செல்போன் கோபுரம் குருவியை அழித்துவிட்டது என்று பேச்சுப்போட்டிதோறும் பேசுகிறார்கள். 2020-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்க எடுத்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரத்துக்கு ஆதாரம் இல்லை. நகரத்தில் நிஜமான சிக்கல் பொந்தும் புழுவும். பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு மெல்லிய உடல் கொண்ட பூச்சி புழு வேண்டும். பூச்சிமருந்து அடித்த புல்தரைக்கு நடுவில் கூண்டுப்பெட்டி மாட்டி என்ன பயன்? பெட்டி வைப்பதானால் துளை 32 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் மைனா புகுந்துவிடும். பத்தடி உயரத்தில், வெயில் நேராக விழாத சுவரில், மின்விசிறிக்கு எட்டாத இடத்தில். பக்கத்தில் ஒரு புதர்ச்செடி அவசியம்.

கோடையில் குஞ்சுப் பறவை தரையில் கிடந்தால் வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். இறகு முளைத்த குஞ்சு பறக்கப் பழகும் வயதில் தரையில்தான் இருக்கும். தாய் அருகிலேயே பார்த்துக்கொண்டிருக்கும். பூனை வந்தால் மட்டும் எடுத்துப் பக்கத்துக் கிளையில் வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது கட்டுக்கதை. அதே பருவத்தில் காகம் தன்னைப்போல் இல்லாத புள்ளி போட்ட குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்தால் அது குயில்குஞ்சு.

தாத்தாவின் குளம்

மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995-ல் ஒன்றைச் சுட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் சின்ன வயதில் கண்டதையே இயல்பு என்று கொள்ளும், அதற்கு முன் இழந்தது கணக்கிலேயே வராது என்றார். சென்னைக்கு இது அப்படியே பொருந்தும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. இன்று மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, லேக் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த நிலத்தில்தான்.

இதைப் பிள்ளைகள் பெயர்களிலிருந்தே தோண்டலாம். தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பந்தாங்கல் என்று ஊர்ப்பெயர்களைப் பட்டியலிட்டு, எந்தத் தாங்கலில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எந்தக் குளத்தில் நீச்சல் கற்றீர்கள்? எந்த மாதம் தவளைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும்? இப்போது பார்க்க முடியாத பூச்சியோ பறவையோ எது? ஆண்டும் இடமும் சேர்த்து எழுதினால் அது வெறும் மலரும் நினைவு அல்ல, தரவு.

பள்ளிக்கரணைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான் பொருத்தம். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போகும் வடிநிலம் இது. 2022-ல் இதில் 1,247.5 எக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடிக் குப்பைமேடும் இதே சதுப்பின் மேல்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் மழை அளந்த பிள்ளைக்கு இந்த நிலம் எதற்கு என்று விளக்கத் தேவைப்படாது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஆறரைக்குப் போய்விடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 தொலைநோக்கி குடும்பத்துக்கு ஒன்று போதும், ஒருவர் பார்க்க மற்றவர் எண்ணலாம். ஐம்பது இனங்களைத் துரத்தாமல் மூன்றைப் பிடியுங்கள். இலைமேல் நடமாடும் நீலத் தாழைக்கோழி, ஒல்லிச் சிவப்புக் காலோடு அலையும் நெடுங்கால் உள்ளான், கூட்டமாக நீந்தும் நாமக்கோழி. மூன்றும் எவ்வளவு ஆழத்தில் நிற்கின்றன என்று கால் மூழ்கும் அளவை வைத்து வரையச் சொல்லுங்கள். அரையடி, ஒரு சாண், நீச்சல் ஆழம் என்று நீர்மட்டம் மாறும்போது பறவையும் மாறுவது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். பூநாரை இருந்தால் அதிர்ஷ்டம். அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரைச் சலித்துத் தின்னும்.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமை நடையும் உண்டு. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பிடத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும். ஏறக்குறைய 45 நாளுக்குப் பின் பொரியும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். இராத்திரி நெடுந்தூரம் மணலில் நடக்க வேண்டும் என்பதால் சின்னப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம். டார்ச்சும் பிளாஷும் கூடாது. பொரிந்த குஞ்சு வெளிச்சமான தொடுவானத்தைக் கடல் என்று நம்பி ஓடும். ஒரு காலத்தில் அந்த வெளிச்சம் அலைமேல் விழும் நட்சத்திர ஒளி. இப்போது சாலை விளக்கு. கடலோரத்தில் வீடுள்ளவர்கள் அந்த மூன்று நான்கு மாதம் மாடி விளக்கை இரவு அணைத்துவைத்தால், ஒரு குஞ்சாவது சாலைப் பக்கம் திரும்பாமல் தண்ணீருக்குப் போகும்.

மார்ச் கடைசியில் நோட்டை எடுத்துப் பாருங்கள். பரீட்சை வாரங்களில் பக்கம் காலியாக இருக்கும். பின்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பவிடாதீர்கள், ‘பார்க்கவில்லை’ என்றே எழுதட்டும். வரும் சனிக்கிழமை புங்கம் தளிர்விட்டிருக்கும். அந்தத் தளிரில் முதல் விரல் எப்போது முளைக்கிறது என்று இந்த முறை முதலிலிருந்தே பார்க்கலாம்.